கித்தாரும் அதை வாங்கியவரும்

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், முன்பு வீணையோ வயலினோ இடம் பெற்றிருந்த மூலையில் இப்போது கித்தார் ஒன்று சாய்ந்து நிற்பதைக் காண்கிறோம். கரோல் பாக் ஆயினும், மாதுங்கா ஆயினும், கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியாயினும் இதில் வேறுபாடு அதிகமில்லை. பள்ளித் தோழன் வாசிக்கிறான், எனக்கும் வேண்டும் என்று மகனோ மகளோ கேட்க, பெற்றோர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கித் தருகின்றனர். ஓராண்டு கழித்து அவ்வீட்டுக்குச் சென்றால், அக்கருவி உறையுடன் பீரோவின் மேல் ஏறியிருப்பதையும் பல வேளைகளில் காண்கிறோம். பையனுக்கு ஊக்கம் போதவில்லை என்று தந்தையார் காரணம் சொல்வார். அக்காரணம் சரிதானா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாமும் அவ்வாறு சொன்னவர்களுள் ஒருவரே. மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் தில்லிக்கு வந்த சில ஆண்டுகளில், பன்னிரண்டு வயது மகனுக்காக இந்நகரத்துக் கடை ஒன்றில் இரும்புத் தந்திக் கித்தார் ஒன்றை வாங்கினோம். தொடக்கக்காரருக்கு இதைவிட ஏற்றது இல்லை என்று கடைக்காரர் உறுதி கூறினார். பையன் நான்கு மாதம் முயன்றான். விரல் நுனிகள் கன்றிச் சிவந்தன. ஒரே விரலால் ஆறு தந்திகளையும் சேர்த்து அழுத்த வேண்டிய இடம் வந்தபோது, அழுத்திய தந்திகளில் பாதி ஊமையாயின. அவன் கருவியைக் கீழே வைத்துவிட்டான். எடுத்த காரியத்தை முடிக்கும் குணம் இல்லை என்று நாம் கடிந்துகொண்டோம். அச்சொல்லை ஒரு முறையுடன் நிறுத்தவும் இல்லை. மூன்று ஆண்டுகளுக்குப் பின் மகள் அதை எடுத்தாள். அறுந்த தந்தியை மாற்றுவதற்காக முதிய வங்காளிப் பணியாளர் ஒருவரிடம் கொண்டு சென்றோம். அவர் கருவியைக் கண்ணுக்கு நேரே பிடித்து நோக்கினார். முதல் மெட்டில் தந்தியை ஒரு முறை அழுத்திப் பார்த்தார். “பாபுஜி, இதை வாசிக்கக் குழந்தையின் விரல் போதாது, பயில்வானின் விரல் வேண்டும்” என்று இந்தியில் சொல்லிவிட்டு, மெல்லிய அரம் ஒன்றை எடுத்தார். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. அவர் கேட்ட கூலி, அன்று நாம் ஆட்டோவுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.

அவர் செய்தது என்ன? கித்தாரின் கழுத்தும் தலையும் கூடுமிடத்தில், தந்திகளைத் தாங்கும் சிறு எலும்புத் துண்டோ பிளாஸ்டிக் துண்டோ இருக்கும். கடைக்காரர்கள் இதை நட் என்பர். அதிலுள்ள வரிப்பள்ளங்கள் போதிய ஆழம் அறுக்கப்படாவிடில், முதல் மெட்டின்மேல் தந்தி வேண்டாத உயரத்தில் நிற்கும். கட்டிய முனைக்கு மிக அருகில் தந்தியை அழுத்துவது கடினம். நடுவில் எளிதாக வளையும் கயிறு, முளையருகே வளைய மறுப்பதை நாம் அறிவோம். தொடக்கப் பாடங்கள் பெரும்பாலும் முதல் மூன்று மெட்டுக்களிலேயே நடப்பவை. ஆகவே கற்கத் தொடங்கும் குழந்தை, கருவியின் மிகக் கடினமான பகுதியிலேயே தன் நாட்களைக் கழிக்கிறது. மலிவான கருவிகளில் இப்பள்ளங்களை ஆலையில் மேலாகவே அறுத்து விட்டுவிடுகின்றனர். ஆழமாக அறுத்துவிட்டால் தந்தி மெட்டில் உரசி அதிரும், திருத்துவது கடினம் என்பதால் இந்த முன்னெச்சரிக்கை. பள்ளத்தை ஆழமாக்குவது வாங்கியவரின் பொறுப்பு என்பதை மட்டும் எவரும் வாங்கியவரிடம் சொல்வதில்லை.

தந்திக்கும் மெட்டுக்கும் உள்ள இவ்வுயரத்தை ஆங்கிலத்தில் ‘ஆக்ஷன்’ என்கின்றனர். கோப்புகளில் இச்சொல்லை ‘நடவடிக்கை’ என்று எழுதி எழுதித் தேய்ந்த நம் பேனாவுக்கு, இங்கு அது பொருந்தாதென்று தெரிந்தும் வேறு சொல் உடனே வரவில்லை. ‘தந்தி உயரம்’ என்றே வைத்துக்கொள்வோம். இரும்புத் தந்திக் கித்தாரில் பன்னிரண்டாம் மெட்டின்மேல் இவ்வுயரம் இரண்டு முதல் இரண்டரை மில்லிமீட்டர் வரை இருந்தால் வாசிக்க இதமாக இருக்கும்; நைலான் தந்திக் கித்தாரில் மூன்று முதல் நான்கு வரை இருக்கலாம். நான்கு, ஐந்து மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும் இரும்புத் தந்தியைக் குழந்தையின் விரலுக்குக் கொடுத்துவிட்டு, குழந்தையின் ஊக்கத்தை அளந்து பார்ப்பது நியாயமாகாது.

இவ்வுயரத்தை முடிவு செய்வன மூன்று: மேலே சொன்ன நட், மறுமுனையில் உள்ள குதிரை, இரண்டிற்கும் இடையிலுள்ள கழுத்தின் வளைவு. இவற்றுள் கழுத்தே அடிக்கடி மாறுவது. இரும்புத் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ எழுபது கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசையுடன் இழுக்கின்றன. வளர்ந்த மனிதர் ஒருவர் இரவும் பகலும் அம்மெல்லிய மரக் கழுத்தைப் பற்றித் தொங்குவதாக எண்ணிக்கொள்ளலாம். இதைத் தாங்குவதற்காகக் கழுத்தினுள் இரும்புக் கம்பி ஒன்றைப் பதித்து, திருகு கொண்டு முடுக்கும் முறை வந்தது. அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் 1923-இல் இதற்குக் காப்புரிமை பெற்றது. இன்று இரும்புத் தந்திக் கருவிகளில் பெரும்பாலானவற்றில் இக்கம்பி உண்டு. திருகைக் கால் சுற்றுத் திருப்பினாலே வேறுபாடு தெரியும். பழகாதவர் முழுச் சுற்றுத் திருப்பினால் கழுத்தே கெடும். இவ்வேலையைப் பழுது பார்ப்பவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

அடுத்தது சுருதி. இதில் நம்மவரின் எதிர்பார்ப்பு பிறருடையதிலிருந்து சிறிது வேறானது. வீணையில் மெட்டுக்களை மெழுகில் பதிக்கிறோம். கோடை வெப்பத்தில் மெழுகு இளகி மெட்டு இடம் பெயர்ந்தால், கை தேர்ந்தவர் காதால் கேட்டு மீண்டும் மேளம் கட்டித் தருவார். கித்தாரின் மெட்டுக்களோ மரத்தில் அறைந்து இறுக்கப்பட்டவை. காதால் அன்றிக் கணக்கால் வைக்கப்பட்டவை. ஸ்தாயி ஒன்றைப் பன்னிரண்டு சமமான படிகளாகப் பிரிப்பதே அக்கணக்கு. தந்தியின் நீளம் 650 மில்லிமீட்டர் எனின், முதல் மெட்டு நட்டிலிருந்து ஏறத்தாழ 36.5 மில்லிமீட்டர் தொலைவில் வரும். பின் ஒவ்வொன்றும் அதே விகிதத்தில் நெருங்கிச் செல்லும். பன்னிரண்டாவது மெட்டு சரிபாதியில் அமையும்.

இச்சமப் பிரிவினையால் ஒரு விளைவு உண்டு. தம்புராவின் நாதத்தில் தானாக எழும் அந்தர காந்தாரத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு, கித்தாரின் காந்தாரம் சற்று ஏறியிருப்பதாகத் தோன்றும். தோற்றம் மட்டுமன்று, உண்மையும் அதுவே. அரைச்சுரம் ஒன்றை நூறு கூறாக்கினால், கித்தாரின் காந்தாரம் இயற்கைக் காந்தாரத்தைவிட ஏறத்தாழ பதினான்கு கூறு மிகுந்து நிற்கும். இது பழுதன்று, எல்லாச் சுருதியிலும் ஒரே கருவியை வாசிக்க மேனாட்டார் ஏற்றுக்கொண்ட உடன்பாடு. ஆனால் வெறுந்தந்தியில் சுருதி சேர்ந்து, பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தும்போது மேல் ஷட்ஜமம் பிசகுமாயின், அது பழுதே. அழுத்தப்படும் தந்தி சற்று நீண்டு இறுகுவதால் சுருதி ஏறும். அதை ஈடுசெய்யக் குதிரையைச் சிறிது பின்தள்ளி வைத்திருக்க வேண்டும். தந்தி உயரம் மிகுந்த கருவியில் இப்பிசகும் மிகும். விரல் நோவும் அபசுரமும் ஒரே ஊற்றிலிருந்து வருவதை இதனால் அறியலாம்.

தில்லிவாசிகளாகிய நமக்குத் தனித் தொல்லை ஒன்றுண்டு. மரம் காற்றின் ஈரத்தைக் குடித்து அகலத்தில் பருக்கும், ஈரத்தை இழந்து அகலத்தில் சுருங்கும். நீளத்தில் மாறுவது மிகச் சிறிது. கித்தாருக்குக் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு நாற்பத்தைந்து முதல் ஐம்பத்தைந்து வரை இருப்பது நலம் என்பர். மே மாதத்து லூ காற்று அதைவிட மிகவும் உலர்ந்தது; ஆகஸ்டு மாதத்துக் காற்றோ பிழிந்தால் நீர் சொட்டும். உலர்ந்த காலத்தில் முகப்புப் பலகை தாழ்ந்து தந்திகள் மெட்டுக்களில் உரசும். விரற்பலகை சுருங்கி மெட்டு முனைகள் வெளிநீண்டு கையைக் கீறும். சில வேளை பலகையே வெடிக்கும். மழைக்காலத்தில் பலகை உப்பித் தந்தி மேலெழும். சென்னையிலோ மும்பையிலோ வாங்கிய கருவி தில்லியின் முதல் கோடையில் வேறு கருவி போல் நடந்துகொண்டால், விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று கொள்ள வேண்டியதில்லை. வறண்ட மாதங்களில் அதைப் பெட்டியினுள், ஈரப் பஞ்சு வைத்த துளையுள்ள சிமிழ் ஒன்றுடன் வைக்கலாம். ஏர் கூலரின் எதிரிலும், வெயிலில் நிற்கும் மோட்டார் வண்டியினுள்ளும் வைக்கலாகாது.

விலை மிகுந்தால் நாதம் மிகுமா என்று பலர் கேட்கின்றனர். ஸ்பெயின் நாட்டின் அந்தோனியோ தோரெஸ் என்னும் கைவினைஞர் 1862-இல் ஒரு கித்தார் செய்தார். அதன் முதுகும் பக்கங்களும் காகிதக் கூழால் ஆனவை. முகப்புப் பலகை மட்டும் நல்ல மரம். நாதத்தின் பெரும்பகுதி முகப்பிலிருந்தே பிறக்கிறது என்பதை மெய்ப்பிக்கவே அவ்வாறு செய்தார் என்பர். அக்கருவி இன்றும் பார்சிலோனா அருங்காட்சியகத்தில் உள்ளது. எனவே பணம் செலவிடுவதாயின் முகப்புப் பலகைக்குச் செலவிடுக. பக்கவாட்டு அலங்காரங்களுக்கு வேண்டா. முதுகுக்கும் பக்கங்களுக்கும் உலகெங்கும் பெயர் பெற்ற மரம் நம் நீலகிரி, வயநாட்டுக் காடுகளின் தோதகத்தி என்பது நாம் பெருமை கொள்ளக்கூடிய செய்தி. பிரேசில் நாட்டு மரம் கிடைப்பது அருகியபின், அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969-இல் இந்தியத் தோதகத்திக்கு மாறியது. ஆயினும் அடிக்கடி மாற்றலாகி இரயிலில் ஊர் ஊராகச் செல்லும் அரசு ஊழியர் குடும்பத்துக்கு, ஒற்றைப் பலகை முகப்பைவிட ஒட்டுப்பலகை முகப்பே தகும் என்பது நம் கருத்து. நாதம் ஒரு மாற்றுக் குறையும். வெடிப்பு அச்சமும் குறையும்.

பேஸ் கித்தார் வாங்குவோரின் ஏமாற்றம் வேறு வகை. 1951-இல் கலிபோர்னியாவின் ஃபெண்டர் நிறுவனம் வெளியிட்ட பேஸ் கித்தாருக்குத் ‘துல்லியம்’ என்று பொருள்படும் பெயரை வைத்தனர். அதற்கு முன் ஆளுயர டபிள் பேஸில் மெட்டு இல்லை. காதால் தேடிய சுரத்தை இனி மெட்டே காட்டும் என்பது அப்பெயர் தந்த வாக்கு. வாக்கு பெரும்பாலும் காக்கப்பட்டது. ஆனால் வீட்டில் சிறு ஒலிபெருக்கியில் இணைத்துப் பார்க்கும் இளைஞர், திரைப்பாடலில் கேட்ட கம்பீரம் வரவில்லையே என்று மனம் தளர்கிறார். பேஸின் கீழ்த்தந்தி ஒரு நொடியில் ஏறத்தாழ நாற்பத்தொரு முறை அதிர்கிறது. சிறு ஒலிபெருக்கியின் கூம்பு அவ்வளவு மெதுவான அதிர்வைத் தள்ள வல்லதன்று. அது தருவது அத்தந்தியின் மேல் அதிர்வுகளாகிய எண்பத்திரண்டு, நூற்றிருபத்துநான்கு முதலியவற்றையே. வியப்பு என்னவெனில், இம்மேல் அதிர்வுகளிலிருந்து நம் செவியே கீழ்ச்சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. உள்ளங்கை அளவு டிரான்சிஸ்டரில் இளையராஜாவின் 1980-களின் பாடல்களைக் கேட்டவர்களுக்கும் பேஸின் நடை விளங்கியது இதனால்தான். அது விளங்கிற்றேயன்றி நெஞ்சில் அதிரவில்லை. ஆகவே பேஸுக்குக் கருவி ஒரு பாதி, ஒலிபெருக்கி மறுபாதி. கருவிக்கே பணம் முழுவதையும் கொடுத்துவிட்டு வந்தவர், பாதியை வாங்கி வந்தவரே ஆவார்.

இனி, கித்தாரில் நம் சங்கீதம் வருமா என்று வீட்டுப் பெரியோர் கேட்பது உண்டு. மெட்டிட்ட கருவியில் கமகம் எங்ஙனம் என்பது அவர்தம் ஐயம். வீணையும் மெட்டிட்டதே என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். சுகுமார் பிரசாத், பிரசன்னா ஆகியோர் மின்சாரக் கித்தாரில் தந்தியை இழுத்தும் வழுக்கியும் கருநாடக இசையை மேடையேற்றினர். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் மற்றொரு மேனாட்டுக் கருவிக்கு அதே பேற்றைத் தந்தார். வடக்கே பிரிஜ் பூஷண் காப்ரா, கித்தாரை மடிமேல் கிடத்தி, தந்திமேல் உருக்குத் துண்டை வழுக்கி இந்துஸ்தானி வாசித்தார். அம்முறையில் தந்தி மெட்டைத் தொடுவதே இல்லை. விசுவ மோகன் பட் அதில் மேலும் தந்திகளைச் சேர்த்து மோகன வீணை என்று பெயரிட்டார். 1994-இல் அமெரிக்கக் கலைஞர் ரை கூடருடன் கிராமி விருது பெற்றார். படுக்க வைத்து வாசிக்கும் இக்கருவிக்குத் தந்தி உயரமாகவே நிற்க வேண்டும். நம் மகனின் விரலைக் கன்றச் செய்த உயரமே அங்கு வேண்டப்படும் குணம்.

கடைக்குச் செல்வோர், வாசிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்க. மூன்றாம் மெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு, முதல் மெட்டின்மேல் இடைவெளியைப் பார்க்க. அது மெல்லிய தாள் ஒன்று நுழையுமளவே இருத்தல் வேண்டும். கழுத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து, முறுக்கம் இல்லையெனத் தெளிக. வாங்கிய விலைக்கு மேல், தந்தி உயரத்தைச் சரி செய்யும் கூலியையும் முதலிலேயே ஒதுக்கி வைக்க. துருவேறிய தந்திகளை மாற்றாமல் நாதம் மங்கிற்று என்று கருவியை நோவது, விளக்கில் எண்ணெய் விடாமல் திரியை நோவது போன்றது.

நம் வீட்டுக் கித்தாரை இப்போது மகளே வாசிக்கிறாள். பழுது பார்த்த அன்று மாலை மகனிடம் கொடுத்து அழுத்திப் பார்க்கச் சொன்னோம். அழுத்தினான், ஆறு தந்திகளும் ஒலித்தன. “இவ்வளவுதானா அப்பா?” என்று கேட்டுவிட்டு, தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்று எழுந்து சென்றான். முன்பு கடிந்ததற்கு அவனிடம் வருத்தம் தெரிவித்தோம். அவன் சிரித்தான், ஆனால் கித்தாரை மீண்டும் கேட்கவில்லை.