வனவிலங்குப் பரிபாலனக் கல்வி

மருத்துவமும் சட்டமும் போல, வனவிலங்குகளைப் பரிபாலிக்கும் முறையையும் சர்வகலாசாலையிற் பயிலலாம் என்றால் வியப்புறுவார் பலர். காட்டிலே பிறந்து காட்டிலே திரியும் மானைப் பரிபாலிக்க மனிதன் யாவன்? வேட்டையை விலக்கிவிட்டால் அது தானே பெருகாதோ? என்று வினவுதலும் இயல்பே. அவ்வினாவுக்கு விடையாக எழுந்த கல்வியொன்றன் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் விஸ்கான்ஸின் மாகாணத்தின் பொதுச் சர்வகலாசாலை, மாடிஸன் நகரில் 1848-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. 1933-ஆம் ஆண்டில் அது வேட்டைப்பிராணிகளின் பரிபாலனத்திற்கெனப் பேராசிரியர் பதவியொன்றை ஏற்படுத்தி, ஆல்டோ லியோபோல்ட் என்பாரை அதில் அமர்த்திற்று. அந்நாட்டில் இக்கல்விக்கென ஏற்பட்ட முதற் பதவி அதுவே. அஃது விலங்கியற் பிரிவில் அன்று, விவசாயப் பொருளாதாரப் பிரிவில் வைக்கப்பட்டமை கருதத்தக்கது. காடையும் கௌதாரியும் வாழும் நிலம் பெரும்பாலும் உழவனுடையது; அவன் ஏரையும் வேலியையும் அறியாதார் அப்பறவைகளைக் காத்தல் அரிது. 1939-இல் இக்கல்வி தனித்துறையாயிற்று.

மாணவர் கற்பன யாவை? மண்ணின் இயல்பு, செடிகொடிகளின் வகை, விலங்குகளைக் கணக்கிடும் முறை, அவற்றின் இரையும் மறைவிடமும், ஒரு நிலம் எத்துணை உயிர்களைத் தாங்கவல்லது என்னும் அளவு ஆகியன. லியோபோல்டின் மாணவராகிய ஹாமர்ஸ்ட்ராம் தம்பதிகள், புல்வெளிக் கோழி என்னும் பறவையைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தனர். வேட்டையைத் தடுத்தல் மாத்திரம் அதனைக் காவாது, பரந்த புல்நிலம் எஞ்சினாலன்றி அது பிழையாது என்று தெளிந்தனர். பின்னர் அம்மாகாணத்தின் நடுப்பகுதியில் அதன்பொருட்டுப் புல்நிலங்கள் ஒதுக்கப்பெற்றன.

இக்கல்வியின் அருமையை மான்கள் காட்டின. ஓநாயைக் கொல்வார்க்கு நெடுங்காலம் பரிசுப்பணம் வழங்கப்பட்டமையின் ஓநாய்கள் அருகின. மரம் வெட்டப்பட்ட காடுகளில் இளந்தளிர் மிக்கு வளர, மான்கள் அளவிறந்து பெருகின. பனிக்காலத்தில் தழை தீர்ந்தபின் அவை பசியால் மடிந்தன. காட்டின் இளங்கன்றுகளும் அவற்றால் அழிந்தன. 1943-இல் மாகாண இயற்கைவளக் குழுவில் அங்கத்தினரான லியோபோல்ட், பெண்மான்களையும் சுட்டுத் தொகையைக் குறைத்தல் வேண்டும் என்றார். இளமையில் ஓநாயை ஒழித்தல் நன்றென எண்ணியிருந்தவர் அவர். கண்டறிந்தவற்றால் கருத்து மாறினார். ஆயினும் மக்கள் வெகுண்டனர். அவர் கொள்கையை எதிர்க்கவென்றே ஒரு பத்திரிகையும் தோன்றிற்று. 1948-இல், அண்டை நிலத்திற் பற்றிய தீயை அணைக்க முயன்றபோது அவர் உயிர் நீத்தார்.

1960-ஆம் ஆண்டளவில் விஸ்கான்ஸினில் ஓநாய் அற்றுப்போயிற்று. 1970-களின் நடுவில், அண்டை மாகாணமாகிய மின்னசோட்டாவிலிருந்து அது தானே திரும்பி வந்தது. எத்துணை ஓநாய்கள் இருக்கலாம் என்னும் வழக்கு அங்கே இன்றும் தீர்ந்தபாடில்லை.

இதனால் நாம் அறிவது யாது? நிலம் தனியாருடையது, விலங்கோ பொதுமக்களுடையது, கல்விக்கு ஆகும் செலவிலும் பொதுமக்கள் பணம் உண்டு. ஆதலின் இத்துறை மாணவன் விலங்கை அறிந்தால் மாத்திரம் போதாது. உழவனும் வேட்டைக்காரனும் நகரத்தாரும் கேட்க மறுப்பதையும் சினமின்றி எடுத்துரைக்கக் கற்றல் வேண்டும். இரக்கம் நன்றே, ஆயினும் அளந்தறியாத இரக்கம், தான் காக்க விழைந்த மானையே பட்டினிக்கு இரையாக்கும்.