ரியூனர் வாங்குவது அன்ரனாவுக்கா, அலுமாரிக்கா?

வெள்ளவத்தையின் கடற்பக்க ஒழுங்கைகளிலே குடியிருப்போருக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். இங்கே இரும்பு நீண்டகாலம் வாழ்வதில்லை. சைக்கிளின் சங்கிலி, ஜன்னலின் கம்பி, கூரைமீது நாட்டிய தொலைக்காட்சி அன்ரனா யாவும் உப்புக் காற்றுக்கு இரையாகின்றன. ஆனால் அலுமாரிக்குள்ளே, பட்டுச் சேலைகளுக்குக் கீழே, பத்திரமாக இருக்கிறதென்று நாம் நம்பிக்கொண்டிருக்கும் வீடியோக் கசற்றையும் அதே காற்றின் ஈரம் தேடிச் சென்று தின்கிறது என்பதை நம்மிற் பலர் அறிவதில்லை. துரு கண்ணுக்குத் தெரிகிறது. பூஞ்சணமோ கசற்றை எடுத்துப் பார்க்கும் நாள் வரையில் தெரிவதில்லை.

வீட்டுக் கணினியில் தொலைக்காட்சியைப் பார்க்கவும் பதிந்து வைக்கவும் உதவும் 'ரியூனர்' என்ற கருவியைப் பற்றி எழுதப் புகுந்தவன் கசற்றைப் பற்றிப் பேசுவானேன் என்று வாசகர் வினவலாம். காரணம் உண்டு. அதை விளக்க என் வீட்டுக் கதையையே முதலிற் சொல்ல வேண்டியிருக்கிறது.

2003ஆம் ஆண்டு. யுத்தநிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தாகி ஓராண்டு கழிந்திருந்த காலம். கடல் கடந்து போன உறவினர் பலர் துணிந்து வந்து போகத் தொடங்கியிருந்தார்கள். அம்மாவின் தம்பியாகிய என் மாமாவும் ரொறன்ரோவிலிருந்து வந்தார். சொக்கலேட் பெட்டிகளின் நடுவே ஒரு ரியூனர் அட்டையும் வந்தது. "அக்கா, இனி நீங்கள் நாடகத்துக்காகச் சமையலை அவதிப்பட்டு முடிக்கத் தேவையில்லை. கொம்பியூட்டரே பிடிச்சு வைக்கும்" என்று அம்மாவிடம் பெருமையோடு சொன்னார். 1998இல் சக்தி தொலைக்காட்சி தொடங்கியது முதலாக மாலைநேரத் தமிழ்த் தொடர்களை அம்மா தவறவிட்டதில்லை.

அட்டையைக் கணினியினுள்ளே பொருத்தினோம். அன்ரனாக் கம்பியை மாட்டினோம். திரை முழுவதும் எறும்பு மொய்த்தது. காதிலே இரைச்சல் விழுந்தது. சக்தியும் இல்லை, ரூபவாஹினியும் இல்லை. மாமா கூரைக்கு ஏறி அன்ரனாவைத் திருப்பினார். நான் கீழே நின்று கூவினேன். இரவு எட்டு மணி வரை இந்தக் கூத்து நடந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் முன்னறைக்குச் சென்று பழைய தொலைக்காட்சிப் பெட்டியைப் போட்டுத் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிழை அட்டையிலும் இல்லை, அன்ரனாவிலும் இல்லை. உலகம் தொலைக்காட்சியை ஒரே முறையில் ஒலிபரப்புவதில்லை என்பதே பிழை. இலங்கையிலே 1979 ஏப்ரல் 13இல் சுயாதீனத் தொலைக்காட்சி பிறந்தது. 1982 பெப்ரவரி 15இல், ஜப்பானின் உதவியோடு ரூபவாஹினி பிறந்தது. இவை கைக்கொண்டது 'பால்' எனப்படும் முறை. (பசுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஜேர்மனியில் வோல்டர் புறூக் என்ற பொறியியலாளர் அறுபதுகளின் தொடக்கத்தில் ஆக்கிய வண்ணத் தொலைக்காட்சி முறைக்கு ஆங்கில முதலெழுத்துக்களால் வந்த பெயர் அது.) இதிலே ஒரு படம் 625 வரிகளால் ஆனது, செக்கனுக்கு 25 படங்கள் ஓடுகின்றன. கனடாவிலும் அமெரிக்காவிலும் அந்நாளில் இருந்த என்.ரி.எஸ்.சி. முறையில் 525 வரிகள், ஏறத்தாழ 30 படங்கள். அதுமட்டுமன்று. படத்தைச் சுமக்கும் அலைக்கும் ஒலியைச் சுமக்கும் அலைக்கும் இடையேயுள்ள தூரமும் தேசத்துக்குத் தேசம் வேறு. கனடாவில் அது 4.5 மெகாஹேர்ட்ஸ், நம் நாட்டில் 5.5, இங்கிலாந்தில் 6. ஆகவே ரொறன்ரோ ரியூனர் இங்கே ஒன்றையும் பிடிக்காது. லண்டன் ரியூனரோ இன்னும் விசித்திரமானது: இங்கிலாந்தும் பால் முறையையே கொண்டிருந்தபடியால் படம் வரும், பேச்சு வராது.

மறுநாள் பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகள் நிறைந்த கட்டடத்துக்கு அட்டையை எடுத்துச் சென்றேன். விற்பனைக்கு நின்ற இளைஞர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணை, அன்ரனா ஓட்டையை மறந்துவிடுங்கோ. பக்கத்திலை மஞ்சள் ஓட்டை ஒன்று இருக்குதெல்லோ? அது இஞ்சையும் வேலை செய்யும். உங்கடை வீட்டிலை டெக் இருக்குதோ?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அவர் சொன்னதன் தாற்பரியம் இதுதான். ரியூனர் அட்டையிலே இரண்டு உறுப்புகள் இருக்கின்றன. ஒன்று, வானலையைப் பிடிக்கும் தகரப் பெட்டி; அது நாட்டுக்கு நாடு மாறும். மற்றது, கிடைத்த படத்தை எண்களாக மாற்றும் சில்லு. அக்காலத்து மலிவான அட்டைகள் பலவற்றில் இருந்த பி.ரி.878 என்ற சில்லு, பால் முறையையும் என்.ரி.எஸ்.சி. முறையையும் ஒருங்கே அறிந்தது. வீடியோ டெக்கிலிருந்து மஞ்சள் வயர் வழியாக நேரே வரும் படத்துக்கு முதல் உறுப்பு தேவையே இல்லை. தொலைக்காட்சியைப் பிடிக்க வந்த கருவி, அதற்கு உதவாமற் போனாலும், கசற்றைக் கணினிக்கு மாற்றுவதற்குப் பொருத்தமாகவே இருந்தது.

எங்கள் அலுமாரியில் ஒரு கசற் இருந்தது. 1986இல் கொட்டாஞ்சேனை மண்டபம் ஒன்றில் நடந்த என் சின்னம்மாவின் திருமணம் அது. 1983 ஆடிக் கலவரத்திலே எங்கள் வீடு எரிந்தபோது, இரும்பு றங்குப்பெட்டியில் இருந்த புகைப்படங்கள் யாவும் சாம்பலாகிப் போயின. தாயாரின் திருமணப் படமோ, பாட்டனாரின் இளமைப் படமோ எங்களிடம் ஒன்றும் இல்லை. பாட்டனார் 1989இல் காலமானார். அவர் நடப்பதையும் பேசுவதையும் காட்டும் பொருள் உலகில் அந்தக் கசற் ஒன்றுதான். இத்தகைய கசற் ஒன்று வெள்ளவத்தையில் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது என்று துணிந்து சொல்வேன்.

டெக்கை மாட்டி, மஞ்சள் வயரைப் படத்துக்கும், வெள்ளை, சிவப்பு வயர்களைக் கணினியின் ஒலித் துளைக்கும் கொடுத்து, பதிவைத் தொடக்கிவிட்டுச் சாப்பிடப் போனேன். அங்கேதான் தவறினேன். திரும்பி வந்து பார்த்தபோது பதிவு இருபதாவது நிமிடத்தில் நின்று போயிருந்தது. பாட்டனார் மணமக்களை வாழ்த்திப் பேசுவது நாற்பதாவது நிமிடத்தில். கணினியின் வன்தட்டு பழைய 'பற்32' முறையில் ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது. அம்முறையில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டை விஞ்ச முடியாது. அதை நான் அறிந்திருக்கவில்லை.

மாணவர்கள் இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். பால் முறையில் எண்களாக்கிய ஒரு படத்துக்கு 720 × 576 புள்ளிகள். புள்ளி ஒன்றுக்கு 2 பைட். செக்கனுக்கு 25 படங்கள். பெருக்கினால் செக்கனுக்கு 20,736,000 பைட். ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 75 கிகாபைட்! எனவே படத்தைச் சுருக்காமற் பதிய முடியாது. சுருக்கும் வேலையைக் கணினியே செய்தால் அது மூச்சுத் திணறிப் படங்களைத் தவறவிடும். ஒலி முன்னும் உதட்டசைவு பின்னுமாகப் போகும். அட்டையிலேயே சுருக்கும் உறுப்பு அமைந்திருந்தால் இத்தொல்லை இல்லை. அமெரிக்காவின் ஹொப்போக் நிறுவனத்தார் வெளியிட்ட பி.வி.ஆர்.-250 அவ்வகையைச் சேர்ந்தது. செக்கனுக்கு 4 மெகாபிட் வீதம் அது சுருக்கினால் ஒரு மணித்தியாலத்துக்கு 1.8 கிகாபைட் போதும். விலை மலிவான அட்டைக்கும் விலை கூடிய அட்டைக்கும் உள்ள உண்மையான வேற்றுமை இதிலேதான் இருந்தது. பெட்டியில் அச்சிட்ட வண்ணப் படங்களில் அன்று.

வன்தட்டைச் சீர்செய்து, மறுபடியும் கசற்றை டெக்கில் இட்டேன். முப்பத்தைந்தாவது நிமிடமளவில் டெக் கரகரத்து நின்றது. நாடா உள்ளே சிக்கி நொறுங்கியிருந்தது. அம்மா வந்து பார்த்தார். "கிழிஞ்சு போச்சோ?" என்று மட்டும் கேட்டார்.

கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்கு அண்மையில், முன்னொரு காலத்தில் திருமண வீடியோ எடுத்துவந்த முதியவர் ஒருவர் இருப்பதாக அறிந்து அவரிடம் ஓடினேன். அவர் கசற்றின் சிறிய கண்ணாடி வழியாக உற்றுப் பார்த்தார். நாடாச் சுருளின் ஓரத்திலே வெண்மாவு தூவியதுபோல் இருந்தது. "தம்பி, இது பூஞ்சணம். பூஞ்சணம் பிடிச்ச கசற்றைத் துடைக்காமல் டெக்குக்குள்ளை போட்டால் கசற்றும் போகும், டெக்கின்ரை தலையும் போகும், அடுத்ததாகப் போடுற நல்ல கசற்றுக்கும் ஒட்டும்" என்றார். கூட்டைத் திறந்து, நாடாவைத் துடைத்து, நொறுங்கிய துண்டை வெட்டி ஒட்டி, வேறொரு கூட்டிலே மாற்றித் தந்தார். நான்கைந்து செக்கன் காட்சி போய்விட்டது. எந்த நான்கைந்து செக்கன் என்று அம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பதிவு முடிந்தது. அன்று கணினியின் முன்னே அம்மா கதிரை போட்டு அமர்ந்து, தகப்பனார் பேசுவதை மூன்று முறை பார்த்தார். நான் கண்ட இன்னொரு புதுமையும் உண்டு. திருமணம் முடிந்து கசற்றில் மிஞ்சியிருந்த இடத்தில் யாரோ ரூபவாஹினியின் தமிழ்ச் செய்தியறிக்கை ஒன்றைப் பதிந்திருந்தார்கள். 1986ஆம் ஆண்டின் செய்தி! திருமணத்தைப் பார்க்க வந்த அயலவர்கள் அதைத்தான் நெடுநேரம் பார்த்தார்கள்.

இதை அற்பமென்று எண்ணலாகாது. பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் தன் நிகழ்ச்சி நாடாக்கள் பலவற்றை அழித்து மீண்டும் பயன்படுத்தியது. 'டொக்டர் ஹூ' என்ற தொடரில் இவ்வாறு இழந்த பகுதிகளின் ஒலியெல்லாம் இன்று கிடைப்பது, அக்காலச் சிறுவர்களும் இளைஞர்களும் வீட்டிலே ஒலிப்பதிவுக் கருவியில் பதிந்து வைத்ததனாலேயே. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மேரியன் ஸ்டோக்ஸ் என்ற பெண்மணி எழுபதுகளின் இறுதி முதல் 2012இல் தாம் இறக்கும்வரை தொலைக்காட்சிச் செய்திகளை இரவுபகலாகப் பதிந்தார். அவர் விட்டுச் சென்றவை ஏறத்தாழ 70,000 கசற்றுகள்.

இனி, இன்று ரியூனர் வாங்க விரும்புவோருக்குச் சில வார்த்தை. வானலையிலிருந்து நேரே பதிவதற்காக வாங்குவதென்றால் அவசரப்பட வேண்டாம். நமது அரசு 2014இல் ஜப்பானிய எண்ணியல் முறையாகிய ஐ.எஸ்.டி.பி.-ரி முறையைத் தெரிவு செய்தது. பத்தாண்டு கழிந்த பின்னரும் பழைய முறை நின்றுவிடவில்லை. பழைய ரியூனர் ஒருநாள் குருடாகும். அதற்காக வெளிநாட்டு உறவினரிடம் எண்ணியல் ரியூனர் கேட்டு எழுதுவதிலும் பயனில்லை: கனடாவிலும் அமெரிக்காவிலும் வழங்குவது ஏ.ரி.எஸ்.சி. முறை, இங்கிலாந்து, ஜேர்மனி, அவுஸ்திரேலியா நாடுகளில் டி.வி.பி. முறை. மாமாவின் கதை மறுபடியும் நிகழும். தட்டு அன்ரனாவுக்குரிய ரியூனரோ, பூட்டிடாத அலைவரிசைகளை மட்டுமே திறக்கும். சந்தா கட்டிப் பார்ப்பவற்றைத் திறக்காது. மறந்துபோன தொடரைப் பார்க்க இப்பொழுது இணையம் இருக்கிறது.

அலுமாரிக்காக வாங்குவதாயின் தாமதிக்கலாகாது. வீடியோ டெக் செய்துவந்த கடைசி நிறுவனமாகிய ஜப்பானின் புனாய், 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. கடையில் இன்று கிடைப்பது சுண்டுவிரலளவான யூ.எஸ்.பி. கருவி. ஒரே வடிவ உறையினுள் மூன்று நான்கு விதமான சில்லுகள் வருகின்றன. ஒன்று வேலை செய்யும், அடுத்தது உங்கள் கணினியை அறியவே அறியாது. ஆகவே உறையை நம்பாமல், உங்கள் மடிக்கணினியையே கடைக்குக் கொண்டுபோய், மாட்டிக் காட்டச் சொல்லி வாங்குங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போகலாம். '1080' என்று பெரிதாக அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம், வீ.எச்.எஸ். கசற்றின் படம் அதில் நாலிலொரு பங்கு நுணுக்கமும் உடையதன்று. பழைய அட்டை வைத்திருப்போர் அதை எறிந்துவிட வேண்டாம். அதற்கேற்ற பழைய கணினி ஒன்றையும் இணையத் தொடர்பின்றி ஒரு மூலையில் வைத்திருந்தால் போதும். புதிய விண்டோஸ் அறிய மறுக்கும் அட்டைகள் பலவற்றை லினக்ஸ் அறிந்துகொள்ளும்.

பதியுமுன் கசற்றின் கண்ணாடியைப் பாருங்கள். வெண்மாவு தெரிந்தால் டெக்கில் இடவே வேண்டாம். தெரியாவிட்டால் ஒருமுறை முன்னும் பின்னுமாகச் சுற்றிவிட்டுப் பதியுங்கள். பதிவு ஓடும்போது சாப்பிடப் போகாதீர்கள்.

ரொறன்ரோ அட்டை இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஒழுங்கையிலுள்ளோர் இடைக்கிடை கசற் கொண்டுவருவார்கள். சென்ற மாதம் கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அம்மையார் 1988 என்று எழுதிய கசற் ஒன்றைத் துணியிற் சுற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதிலே தமது மகன் பாடசாலை மேடையில் நடிக்கிறான் என்றார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சுருளின் ஓரம் வெளுத்திருக்கிறது. ஜம்பட்டா வீதி முதியவர் இப்பொழுது இல்லை. நாடாவைத் துடைக்க நானே பழகிக்கொண்டிருக்கிறேன், ஒன்றுமே பதியாத வெறும் கசற் ஒன்றை வைத்து.