டிக்... டிக்... வேனுக்கு அடியில் என்ன நடக்கிறது?

வேனுக்குள்ளே மெத்தை, மரப்பலகை அலமாரி, கூரையோரம் தொங்கும் குட்டி விளக்குகள் எல்லாம் இருக்கின்றன. இன்ஸ்டாகிராமில் லைக் அள்ளுவது அதெல்லாம்தான். இன்றைக்கு நமக்கு அது வேண்டாம். தலையைக் குனிந்து இப்படி வாருங்கள்! லிஃப்ட்டில் ஆளுயரத்துக்குத் தூக்கி நிறுத்திய ஃபியட் டுகாட்டோவின் அடிப்பக்கம்தான் நம் மேடை.

இடம், ஜெர்மனியில் மியூனிக் நகரை ஒட்டிய ஒரு வேன் பட்டறை. நவம்பர் மாதம். இன்னும் சில வாரங்களில் இந்த வண்டி ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்குக்காரர்கள் வண்டி நிறுத்தும் ஏதோ ஒரு மைதானத்தில், மைனஸ் 15 டிகிரியில் ராத்தங்கப் போகிறது. உள்ளே படுப்பவர்கள் பனியனோடு தூங்க வேண்டும். அதற்காக ஹீட்டர் பொருத்தும் வேலை இப்போது என் மூக்குக்கு நேர் மேலே நடந்துகொண்டிருக்கிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வேன் ஹீட்டர்களுக்கு ஒரு தலைநகரம் உண்டென்றால் அது மியூனிக்தான். நகருக்குத் தென்மேற்கே ஸ்டாக்டார்ஃபில் வெபாஸ்டோ கம்பெனி. தென்கிழக்கே புட்ஸ்ப்ரூனில் ட்ரூமா. பரம போட்டியாளரான எபர்ஸ்பேஷர் மட்டும் ஸ்டுட்கார்ட் பக்கத்து எஸ்லிங்கனில் இருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை: வெபாஸ்டோ 1901-ல் பிறந்ததும் அதே எஸ்லிங்கனில்தான். ட்ரூமாவின் கதை இன்னும் சுவாரசியம். 1949-ல் ஃபிலிப் க்ரைஸ் கம்பெனி ஆரம்பித்தபோது அமெரிக்க அதிபர் ட்ரூமனின் பெயரிலிருந்துதான் அந்தப் பெயரை எடுத்தார்.

சரி, பட்டறை மேசைக்கு வருவோம். அங்கே படுத்திருக்கிறார் கதாநாயகர். ஒரு அடி நீளம், மூன்று கிலோவுக்கும் குறைவான எடை, கறுப்பு பிளாஸ்டிக் சட்டை. 2 கிலோவாட் டீசல் ஹீட்டர். "இத்துனூண்டா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். மெக்கானிக் சிரித்தார். வண்டியின் சொந்தக்காரரும் இதையேதான் கேட்டாராம். 8 கிலோவாட் வேண்டும் என்று அடம்பிடித்திருக்கிறார். "நீங்கள் சூடாக்கப் போவது வேனையா, அக்டோபர் விழா பீர் கூடாரத்தையா?" என்று கேட்டு அனுப்பினேன் என்றார்.

கிண்டலுக்குள் விஷயம் இருக்கிறது. சுவரிலும் கூரையிலும் ஒழுங்காகக் காப்புப் பஞ்சு அடைத்த வேனுக்கு 2 கிலோவாட்டே ஏராளம். பெரிய ஹீட்டர் வைத்தால் பத்தே நிமிடத்தில் வண்டி கொதித்துவிடும். அப்புறம் இரவு முழுக்க அது தணிந்த தீயில் முனகிக்கொண்டே கிடக்கும். தணிந்த தீ சுத்தமாக எரியாது. கரி படியும். படிந்த கரி ஒரு நள்ளிரவில் தீயையே அணைத்துவிடும். சின்ன ஹீட்டர் முழுமூச்சில் ஓடும், சுத்தமாகவும் இருக்கும். ஹீட்டர் வாங்குகிறவர்கள் பெட்டியில் பெரிய எண்ணைத் தேடுகிறார்கள். பொருத்துகிறவர்களோ எண்ணைப் பார்ப்பதே இல்லை, குழாய்களைப் பார்க்கிறார்கள். இந்தப் பட்டறையில் நான் கண்ட பெரிய ரகசியம் அதுதான்.

மின்சார ஹீட்டர் வைத்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். ஒரே கணக்கில் முடித்துவிடலாம். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் இருப்பது 1.28 கிலோவாட்-மணி. 2 கிலோவாட் ஹீட்டர் அதை நாற்பது நிமிடத்துக்குள் குடித்துவிடும். ஒரு லிட்டர் டீசலிலோ சுமார் 10 கிலோவாட்-மணி இருக்கிறது. அடுத்த கேள்வி!

கேஸ் அப்படித் தள்ளிவிடக்கூடியதில்லை. இங்கே பல கேம்பர் வேன்களில் கேஸ்தான். ட்ரூமாவின் காம்பி என்ற பெட்டி காற்றையும் சூடாக்கும், 10 லிட்டர் வெந்நீரும் போடும். சத்தம் குறைவு, வாடை இல்லை. ஆனால் சிலிண்டருக்குள் எந்த வாயு என்று பார்த்தாக வேண்டும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலும் கொதித்து ஆவியாகும். பியூட்டேன் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே போனதுமே திரவமாகவே படுத்துவிடும். தெற்கே வெயில் நாட்டில் பியூட்டேன் சிலிண்டர் மாட்டிக்கொண்டு நேராக மலையேறி வருகிறவர்களின் ஹீட்டர், சிலிண்டர் நிறைய கேஸை வைத்துக்கொண்டே மௌனவிரதம் இருக்கும்!

அந்தக் காம்பியோடு வரும் ஒரு குட்டி வால்வைக் கையில் கொடுத்தார்கள். வெப்பம் சுமார் 3 டிகிரிக்கு இறங்கியதும் அதுவாகவே திறந்து கொதிகலன் தண்ணீரைத் தரையில் கொட்டிவிடும். தண்ணீர் உறைந்து பாத்திரத்தைப் பிளக்காமலிருக்க இந்த ஏற்பாடு. கரண்டே தேவையில்லை. முதல்முறை குளிரில் போகிறவர்கள் காலையில் வண்டிக்கடியில் குளம் கட்டி நிற்பதைப் பார்த்து அலறிப் போன் செய்வது பட்டறைக்காரர்களுக்கு வருடாந்திரப் பொழுதுபோக்கு.

இப்போது நம் டீசல் கதாநாயகரின் சட்டையைக் கழற்றுவோம். உள்ளே துடுப்புத் துடுப்பாக வார்த்த அலுமினியக் கூடு. நம் வீட்டுப் பழைய செம்பு பாய்லரில் நடுவே நெருப்புக் குழாய், சுற்றிலும் தண்ணீர் இருக்குமே, அதே சூத்திரம்தான். தண்ணீர் இருந்த இடத்தில் இங்கே காற்று. கூட்டுக்குள் தீ, கூட்டுக்கு வெளியே நாம் சுவாசிக்கும் காற்று. இரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது. தீக்கு வேண்டிய காற்று வேனுக்கு அடியிலிருந்து ஒரு குழாயில் வரும். எரிந்த புகை இன்னொரு குழாயில் வேனுக்கு அடியிலேயே போய்விடும். அறைக் காற்று தனியாக உள்ளே நுழைந்து, சூடாகி, 60 மில்லிமீட்டர் குழாய் வழியே படுக்கையடிக்கு வரும். புகைக்குழாய் இல்லாத கேஸ் அடுப்பை மூட்டிக் குளிர்காய்கிறவர்களுக்கு ஒரு செய்தி: ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக வண்டிக்குள் வரும். அது கண்ணாடியில் வழியும், மெத்தையில் இறங்கும். ஆக்ஸிஜன் குறையும் ஆபத்து தனி.

அடுத்தது துளை போடும் படலம்! புத்தம்புது வண்டியின் தரையில் ஓட்டை போடப் போகிறார்கள். சொந்தக்காரர் வெளியே காபி குடிக்கப் போய்விட்டார், பார்க்கத் தெம்பில்லை. மெக்கானிக் பயணி இருக்கையின் பெட்டிக்குள் அளக்கிறார். கீழே வந்து அளக்கிறார். மறுபடி மேலே போகிறார். பிரேக் குழாய் எங்கே, வயர்க் கட்டு எங்கே, டீசல் டேங்க் எங்கே என்று டார்ச் அடித்து விரலால் தடவிப் பார்க்கிறார். அப்புறம்தான் டிரில். கிர்ர்ர்ர்! வட்டமாக ஒரு தகரத் துண்டு என் காலடியில் விழுகிறது. உடனே அறுபட்ட விளிம்பைத் தேய்த்து, துருப்பிடிக்காமலிருக்கப் பெயின்ட் பூசி, காயும்வரை கைகட்டி நிற்கிறார். அந்தப் பத்து நிமிடக் காத்திருப்பை அவசரக்காரர்கள் தவிர்த்துவிடுவார்கள். அடுத்தடுத்த வருடங்களில் உப்புத் தூவிய பனிச்சாலைகள் அதற்கு வட்டியோடு வசூலிக்கும்.

புகைக்குழாய் பொருத்துவதைப் பார்க்கவே அழகு. துருப்பிடிக்காத எஃகில் நெளிகுழாய். சைலன்சரில் ஒரு பொட்டுத் துளை, உள்ளே குளிர்ந்து சேரும் நீர் சொட்டிப் போக. அந்தத் துளை இருப்பதாலேயே சைலன்சரை எந்தக் காரணத்துக்கும் வண்டிக்குள் வைக்கக் கூடாது. குழாயின் வாய் வண்டி ஓடும் திசையைப் பார்க்கக் கூடாது. காற்று உறிஞ்சும் வாய்க்குப் பக்கத்திலும் இருக்கக் கூடாது. கதவுக்கு அடியில் வைத்தால் கதவைத் திறக்கும்போதெல்லாம் புகை விருந்தாளியாக உள்ளே வரும்.

ஆரம்பத்தில் டிக் டிக் என்றேனே, அந்தச் சத்தம் இங்கிருந்துதான் வருகிறது. இதோ விரல் அளவுக்கு ஒரு பம்ப்! ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு துளி டீசல். அதைப் படுக்க வைக்கக் கூடாது, தலை தூக்கிச் சாய்வாக மாட்ட வேண்டும்; அப்போதுதான் காற்றுக் குமிழி தேங்காது. நேராக இரும்பில் முடுக்கினால் இரவெல்லாம் தலையணைக்கடியில் கடிகாரம் வைத்ததுபோல் கேட்கும். ஆகவே ரப்பர் பிடி. டேங்குக்குள் இறங்கும் குழாய் அடிவரை போகாமல் சற்று மேலேயே நிற்கிறது. ஹீட்டர் டீசலை எல்லாம் குடித்துத் தீர்த்தாலும் ஊர் திரும்ப மிச்சம் இருக்க வேண்டுமே! உண்மையில் இது மிதமான குடிகாரர்தான். முழுவீச்சில் ஓடினாலும் மணிக்குக் கால் லிட்டர் அளவு.

பழுதென்று வரும் ஹீட்டர்களில் முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்றேன். "வயரை" என்று பதில் வந்தது. பற்றவைக்கும் க்ளோ பிளக் முதல் சில நிமிடங்களுக்குக் கிட்டத்தட்ட 10 ஆம்பியர் இழுக்கும். வயர் மெலிசாக இருந்தாலோ குளிரில் பேட்டரி சோர்ந்திருந்தாலோ வோல்ட் சரிந்து ஹீட்டர் கோபித்துக்கொள்ளும். பழி மட்டும் ஹீட்டர் மேல்.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் சீன ஹீட்டர்கள் பற்றியும் கேட்காமல் விடுவேனா? ஜெர்மன் சாடையிலேயே இருக்கும், விலையோ பல மடங்கு குறைவு. ஒன்றில் 5 கிலோவாட் ஸ்டிக்கர், இன்னொன்றில் 8. உள்ளே பல நேரம் ஒரே உடம்பு. ஐரோப்பாவில் வண்டி ஹீட்டருக்கு ஐ.நா. வாகன விதி 122-இன் ஒப்புதல் முத்திரை வேண்டும். அது இல்லாததைத் தொட மாட்டேன் என்கிறார் மெக்கானிக். நான் அவர் கட்சி.

இதோ முதல் பற்றவைப்பு! பட்டறைக் கதவு விரியத் திறந்தாயிற்று. பொத்தானை அழுத்தினால் முதலில் விசிறி முனகுகிறது. ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரும் குழாயின் வாயையே பார்க்கிறோம். டிக். டிக். டிக். குபுக்கென்று வெள்ளைப் புகை! கேலியாக யாரோ கைதட்டுகிறார்கள். புகை தெளிகிறது, சத்தம் குட்டி விமானம்போல் ஏறுகிறது. உள்ளே ஓடிப்போய்க் கையை நீட்டினேன். சூடு! புது எந்திரத்தின் எண்ணெய் வாடையும் சேர்ந்து வந்தது. அது போகும்வரை முழுவீச்சில் ஓடவிட வேண்டுமாம், உள்ளே யாரும் படுக்காமல்.

கடைசியாக ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியைச் சுவரில் மாட்டுகிறார்கள். கார்பன் மோனாக்ஸைடு அலாரம். நிறமும் வாடையும் இல்லாத அந்த வாயு ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பலமாகப் பற்றிக்கொள்ளும். ராத்திரி பெய்த பனி புகைக்குழாயின் வாயை அடைத்தாலே போதும், ஆபத்துதான். வண்டிகளுக்கென்று வரும் அலாரத்தில் இ.என். 50291-2 என்று அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள்.

குளிரில் வேன் பயணம் போகிறவர்களே, உங்களிடம் சில வேண்டுகோள்கள். படுக்கும் முன் வண்டிக்கடியில் சேர்ந்த பனியை மண்வெட்டியால் தள்ளிவிடுங்கள். கூரை ஜன்னலை ஒரு விரல் அகலம் திறந்து வையுங்கள். பெட்ரோல் பங்க்கில் நுழையும் முன் ஹீட்டரை அணையுங்கள். அணைத்த பிறகும் விசிறி சில நிமிடம் ஓடித் தன்னைத் தானே குளிரவைத்துக்கொள்ளும். அதற்குள் மெயின் சுவிட்சை அணைக்காதீர்கள். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் போவதென்றால் உயரத்துக்குத் தக்கபடி தானே சரிசெய்துகொள்ளும் மாடலாகக் கேட்டு வாங்குங்கள். காற்று மெலிந்த இடத்தில் மற்றவை கரி கக்கும். கோடை வந்ததும் இதை மறந்துவிடாமல், மாதம் ஒருமுறை பத்து நிமிடம் முழுவீச்சில் ஓடவிடுங்கள்.