போர் விமானம்: விலை கொடுத்து வாங்குவதா, பங்காளியோடு சேர்ந்து செய்வதா?

கோலாலம்பூர் – அரச மலேசிய ஆகாயப் படைக்கு 18 எஃப்.ஏ-50 ரகப் போர் விமானங்களை வாங்க, 2023 பிப்ரவரியில் தென் கொரியாவின் கே.ஏ.ஐ. நிறுவனத்தை மலேசியா தேர்ந்தெடுத்தது. ஒப்பந்த மதிப்பு 92 கோடி அமெரிக்க டாலர். அன்றைய கணக்கில் சுமார் 400 கோடி ரிங்கிட்.

அந்தப் போட்டியில் இந்தியாவின் தேஜஸ் விமானமும் இருந்தது. "தேஜஸை ஏன் வாங்கவில்லை?" என்ற கேள்வி பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரத் தமிழர்களுக்கு எழுவது இயல்பு. ஆனால் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. எஃப்.ஏ-50, தேஜஸ் இரண்டுமே அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் வடிவமைத்த எஃப்-404 குடும்ப எஞ்சினில்தான் பறக்கின்றன. எதை வாங்கியிருந்தாலும் எஞ்சின் விஷயத்தில் அமெரிக்காவின் சம்மதம் தேவை.

அப்படியானால் ஒரு நாட்டின் 'சொந்தப் போர் விமானம்' எந்த அளவுக்குச் சொந்தம்? அந்நியப் பங்காளியைத் தேர்ந்தெடுக்கும் எந்த நாடும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

வாங்கியதில் மலேசியா கற்றது

மலேசியா இதுவரை போர் விமானங்களை வாங்கியே வந்துள்ளது. 1995-இல் ரஷ்யாவின் மிக்-29, 1997-இல் அமெரிக்காவின் எஃப்/ஏ-18 ஹார்னெட் வந்தன. 2003-இல் 18 சுகோய் விமானங்களுக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. சுகோய் விலையில் ஒரு பகுதியைச் செம்பனை எண்ணெயாகத் தர ஏற்பாடானது. தோட்டத்தில் குலை வெட்டியவர்களின் உழைப்பும் அந்த விமானங்களில் கலந்திருக்கிறது. 2007-இல் டாக்டர் ஷேக் முஸாபர் விண்வெளிக்குச் சென்றதும் அதே ஒப்பந்தத்தின் பலன்தான்.

ஆனால் வாங்குவதோடு செலவு முடிவதில்லை. நாட்டிடம் இருந்த 28 ரஷ்யப் போர் விமானங்களில் நான்கு மட்டுமே பறக்கும் நிலையில் உள்ளன என்று அப்போதைய தற்காப்பு அமைச்சர் முகமட் சாபு 2018 ஜூலையில் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். பராமரிப்பும் உதிரிப்பாகமும்தான் சிக்கல். ஹார்னெட் விமானத்தின் மென்பொருள் ரகசியக் குறியீட்டை அமெரிக்கா தரவில்லை என்று முன்னாள் பிரதமர் துன் மகாதீரும் பலமுறை குறைபட்டுக்கொண்டார்.

விமானம் நம் கொட்டகையில் நின்றாலும், அதைத் திறந்து பழுதுபார்க்கும் உரிமையும் அறிவும் வேறொருவர் கையில் இருக்கலாம்.

கொரியா ஏறிய படிகள்

இன்று விமானம் விற்கும் கொரியாவும் ஒரு காலத்தில் வாங்கும் நாடுதான். 1990-களில் அமெரிக்க உரிமத்தின் கீழ் எஃப்-16 விமானங்களைத் தன் மண்ணிலேயே உருவாக்கியது. அடுத்து டி-50 பயிற்சி விமானம். அதன் உருவாக்கச் செலவில் 70 விழுக்காட்டைக் கொரிய அரசும் 17 விழுக்காட்டைக் கே.ஏ.ஐ. நிறுவனமும் ஏற்றன. அமெரிக்கப் பங்காளியான லாக்ஹீட் மார்ட்டின் போட்டது 13 விழுக்காடு. அந்த டி-50 பெற்ற பிள்ளைதான் மலேசியா வாங்கும் எஃப்.ஏ-50.

மூன்றாவது படி கே.எஃப்-21. நவீன ரேடார் உட்பட நான்கு முக்கியத் தொழில்நுட்பங்களைத் தர அமெரிக்கா 2015-இல் மறுத்துவிட்டது. முதல் இரண்டு படிகளில் தேர்ந்த பொறியாளர்கள் கொரியாவிடம் இருந்ததால் அவற்றை உள்நாட்டிலேயே உருவாக்க முடிந்தது. 2022 ஜூலையில் அந்த விமானம் முதன்முறையாகப் பறந்தது. எஞ்சின் மட்டும் இன்னும் அமெரிக்க வடிவமைப்பே.

அண்டை நாட்டின் அனுபவம்

கே.எஃப்-21 திட்டத்தில் இந்தோனேசியா பங்காளியாகச் சேர்ந்து, உருவாக்கச் செலவில் 20 விழுக்காட்டை ஏற்பதாக ஒப்புக்கொண்டது. அது சுமார் 1.6 டிரில்லியன் கொரிய வோன். ஆனால் தவணைகள் நிலுவையில் நின்றன. இறுதியில் அதன் பங்கு 600 பில்லியன் வோனாகக் குறைக்கப்பட்டது. கொரியா தர வேண்டிய தொழில்நுட்பமும் அதற்கேற்பக் குறைந்தது. கூட்டு வியாபாரத்தில் பங்கைக் கட்டாதவருக்கு லாபத்திலும் பேச்சிலும் இடம் சுருங்குவது போலத்தான் இதுவும்.

இந்தியா பட்டதும் தெளிந்ததும்

தேஜஸுக்குச் சொந்த எஞ்சின் வேண்டும் என்றுதான் இந்தியா காவேரி எஞ்சின் திட்டத்தைத் தொடங்கியது. அந்த எஞ்சின் தேவையான உந்துவிசையை எட்டவில்லை. தேஜஸ் 2001 ஜனவரியில் முதன்முறையாகப் பறந்தபோது அதில் இருந்தது அமெரிக்க எஞ்சின். அதற்கு முன்பே, 1998-இல் இந்தியா நடத்திய அணுச் சோதனைக்குப் பின் அமெரிக்கா தடை விதித்தது. தேஜஸின் பறப்புக் கட்டுப்பாட்டுப் பணியில் கிடைத்த அமெரிக்க உதவி நின்றது. இராமேஸ்வரத்துத் தமிழர் அப்துல் கலாம் இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்புக்குத் தலைமை வகித்த காலம் அது. அந்த வேலையை இந்தியப் பொறியாளர்கள் தாங்களே முடித்தனர். அந்தத் தேஜஸ் விமானங்கள் இன்று கோயம்புத்தூருக்கு அருகில் சூலூர் தளத்தில் பறக்கின்றன.

ரஷ்யாவோடு சேர்ந்து புதிய தலைமுறை விமானம் செய்யவும் இந்தியா முயன்றது. முதற்கட்ட வடிவமைப்புக்காக 2010-இல் 29.5 கோடி டாலர் மதிப்பில் ஒப்பந்தமானது. செலவு, வேலைப் பங்கீடு, தொழில்நுட்பம் ஆகியவற்றில் உடன்பாடு ஏற்படாமல் 2018-இல் இந்தியா விலகியது.

இந்தப் பட்டறிவோடுதான் தனது அடுத்த போர் விமானமான ஆம்காவுக்கு இந்தியா பங்காளி தேடியது. பிரான்சின் சாஃப்ரான் நிறுவனத்துடன் சேர்ந்து எஞ்சின் உருவாக்கப்படும் என்று தற்காப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் 2025 ஆகஸ்டில் அறிவித்தார். இம்முறை விலையைவிட, வடிவமைப்பு உரிமை யாருக்கு என்பதே பேச்சின் மையமாக இருந்தது.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

இந்த அனுபவங்களிலிருந்து மூன்று கேள்விகள் தெளிவாகின்றன. பழுதுபார்க்கவும் மாற்றியமைக்கவும் நமக்கு உரிமை உண்டா? நாளை அரசியல் மாறினால் எஞ்சினும் உதிரிப்பாகமும் வருமா? கற்றுக்கொடுத்தால் பிடித்துக்கொள்ளும் ஆட்கள் நம்மிடம் தயாராக இருக்கிறார்களா?

முதல் இரண்டுக்கும் பதில் ஒப்பந்த மேசையில் கிடைக்கும். மூன்றாவது கேள்வி நம் வீடுகளுக்கே வருகிறது. சுபாங்கில் ஏர்பஸ் விமானங்களின் இறக்கைப் பாகங்கள் தயாராகின்றன. மலாக்கா பத்து பெரெண்டாமில் கூட்டுப்பொருள் பாகங்கள் செய்யப்படுகின்றன. டெங்கிலில் கோலாலம்பூர் பல்கலைக்கழகத்தின் விமானத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. விமானத் துறை என்றால் விமானி மட்டும்தான் என்று நினைக்கும் பெற்றோர் இன்னும் உண்டு. எஞ்சினைக் கழற்றி மாட்டும் தொழில்நுட்பரும், இறக்கையில் விரிசல் தேடும் பரிசோதகரும் இல்லாமல் எந்த விமானமும் எழும்பாது. எஸ்.பி.எம். தேர்வில் கணிதமும் இயற்பியலும் எடுக்கும் தோட்டப்புற, நகர்ப்புற மாணவர்களுக்கு எட்டாத வேலைகள் அல்ல இவை.

மலேசியா நாளை எந்த நாட்டோடு கைகோத்தாலும், அந்த நாடு கற்றுக்கொடுப்பதை வாங்கிக்கொள்ள இங்கே ஆள் இருந்தால்தான் அது பங்காளித்துவம் ஆகும். இல்லையென்றால் அதுவும் இன்னொரு கொள்முதலாகவே முடியும்.