பத்துக் கோடி மதிப்பெண்கள்

வாடகை நூல்நிலையம் நடத்துகிறவர், பழகிய வாசகர் படியேறி வரும்போதே அவருடைய ருசியை அனுசரித்து ஒரு புத்தகத்தை எடுத்து வைத்துவிடுவார். முகம் அறியாத லட்சக்கணக்கான சந்தாதாரர்களுக்குத் தபாலில் டிவிடிகளை அனுப்பிவந்த அமெரிக்காவின் நெட்பிளிக்ஸ் ஸ்தாபனத்துக்கோ அந்தச் சௌகரியம் இல்லை. படம் பார்த்தவர்கள் ஒன்று முதல் ஐந்து வரை இட்ட நட்சத்திர மதிப்பெண்களையே அது பெரிதும் நம்பியிருந்தது. இவ்வாறு வாடிக்கையாளர் விட்டுச்செல்லும் சுவடுகளைத் திரட்டி, அவர்கள் அடுத்து விரும்பப்போவதை அனுமானிப்பதற்காகவே வர்த்தக உலகம் இன்று பெருந்தரவைப் போற்றுகிறது. அந்த வித்தையின் சாமர்த்தியமும் சங்கடமும் ஒருங்கே வெளிப்பட்டது, இந்த ஸ்தாபனம் 2006 அக்டோபரில் அறிவித்த பந்தயத்தில்.

தன்னுடைய சினிமேட்ச் என்னும் கணிப்பு முறையைவிடப் பத்து சதவீதம் பிழை குறைவாகக் கணிப்போருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று கூறி, 4,80,189 சந்தாதாரர்கள் 17,770 படங்களுக்கு இட்ட பத்துக் கோடிக்கும் அதிகமான மதிப்பெண்களை, பெயர்களை நீக்கி, வெறும் எண்களால் ஆட்களைக் குறித்து, அது வெளியிட்டது. பத்துக் கோடி என்றதும் பிரமிப்பு உண்டாகிறது. ஆனால் ஆளுக்கு ஒரு வரிசை, படத்துக்கு ஒரு பத்தி என்று கட்டம் போட்டால் சுமார் 853 கோடிக் கட்டங்கள் ஆகும். அவற்றில் நிரம்பியவை நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டும். மீதியெல்லாம் வெற்றிடம். அதை நிரப்புவதே கணிதத்தின் வேலை.

சில படங்களுக்கு ஒத்த மதிப்பெண் இட்டவர்கள் பிற படங்களிலும் ஒத்துப்போவார்கள் என்பது மூல அனுமானம். இதை நுட்பமாக்கி, படங்களில் பொதிந்துள்ள குணாம்சங்களுக்கு ஓர் அளவையும், அவற்றின்பால் ஒவ்வொருவருக்கும் உள்ள நாட்டத்துக்கு ஓர் அளவையும் கணிப்பொறியே தேடிக் கண்டு, இரண்டையும் பெருக்கிக் கூட்டி, விடுபட்ட மதிப்பெண்ணை ஊகிக்கும்படி நிபுணர்கள் செய்தார்கள். ஹாஸ்யம் இன்னது, சோகம் இன்னது என்று யாரும் அதற்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. ஆயினும் 'நெப்போலியன் டைனமைட்' என்னும் விசித்திரமான ஹாஸ்யப் படம், சிலர் ஐந்தும் சிலர் ஒன்றும் இட, அவர்கள் பிரிந்த காரணத்துக்கு அவர்களுடைய மற்ற மதிப்பெண்களில் போதிய தடயம் கிடைக்காமல், போட்டியாளர்களைத் திணறடித்தது. அதைப் படித்தபோது எனக்கு உண்டான அற்ப சந்தோஷத்தை மறைப்பானேன்!

2009-இல் 'பெல்கோர்ஸ் பிராக்மாடிக் கேயாஸ்' என்னும் குழு 10.06 சதவீத முன்னேற்றம் காட்டிப் பரிசைப் பெற்றது. அதே அளவை எட்டிய மற்றொரு குழு இருபது நிமிஷம் பிந்தித் தாக்கல் செய்ததால் தோற்றது. இத்தனை பிரயத்தனத்தில் விளைந்த இறுதி முறையை நெட்பிளிக்ஸ் உபயோகிக்கவே இல்லை என்பதுதான் விசேஷம். எத்தனையோ கணிப்புகளைக் கலந்து கட்டிய அந்த யந்திரத்தை அன்றாட உபயோகத்துக்குக் கொண்டுவரும் சிரமத்துக்கு ஈடாக அதில் லாபம் தெரியவில்லை. அதற்குள் இணையம் வழியே படம் காட்டும் முறையும் பரவிவிட்டபடியால், எதைப் பார்த்தார், எந்த இடத்தில் நிறுத்தினார் என்பவையெல்லாம் புதிய சாட்சியங்களாக வந்து சேர்ந்தன. முன்னதாக 2007-இல் இடைப்பரிசு வென்றவர்கள் கலந்த 107 முறைகளில் இரண்டை மட்டும் ஸ்தாபனம் எடுத்துக்கொண்டது.

பெரிய சங்கடம் வேறு திசையிலிருந்து வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற அரவிந்த் நாராயணனும், டெக்சாஸ் சர்வகலாசாலையில் அவருடைய ஆசிரியரான விட்டாலி ஷ்மாட்டிகோவும், ஒருவர் இட்ட எட்டு மதிப்பெண்கள், அவற்றுள் இரண்டு தவறாகவே இருப்பினும், தேதிகளில் பதினான்கு நாள் பிசகினும், தெரிந்திருந்தால், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சந்தாதாரர்களைத் தனித்து அடையாளம் காணலாம் என்று நிரூபித்தார்கள். ஒருவருடைய ருசி மற்றவருடையதை முற்றும் ஒத்திராதபடியால் அல்லவோ சிபாரிசு செய்யும் யந்திரத்துக்கே அவசியம் நேர்ந்தது! அந்தத் தனித்தன்மையே ஆளையும் காட்டிக்கொடுத்தது. பெயரை நீக்கியதால் பிரயோஜனமில்லை.

அமெரிக்காவில் நீதிபதி ராபர்ட் போர்க்கின் வாடகை வீடியோப் பட்டியலைப் பத்திரிகை ஒன்று 1987-இல் அம்பலப்படுத்தியதன் விளைவாக, அடுத்த ஆண்டே இத்தகைய அந்தரங்கத்தைக் காக்கும் சட்டம் பிறந்திருந்தது. அதை ஆதாரமாகக் கொண்டு 2009 டிசம்பரில் நெட்பிளிக்ஸ் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. வயது, பால், வசிக்கும் இடத்தின் தபால் குறியீடு ஆகியவற்றையும் சேர்த்து இரண்டாவது பந்தயம் நடத்த உத்தேசித்திருந்த ஸ்தாபனம், 2010 மார்ச்சில் அதைக் கைவிட்டது. முதல் பந்தயத்துக்காக வெளியிட்டவற்றின் பிரதிகளோ, அதற்குள் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளில் குடியேறியிருந்தன.