கேம்ப்பெல் பே: பட்டாளத்துக்காரங்களுக்காகக் காட்டுக்குள்ள எழுப்பின ஊர்

இந்த எபிசோடை ஒரு வார்த்தையில இருந்து ஆரம்பிக்கலாம். காலனி. நம்ம பக்கம் ஹவுசிங் போர்டு காலனி, மில் காலனி, ஆபீசர்ஸ் காலனின்னு எத்தனையோ இருக்குது. இதோட மூலம் லத்தீன் மொழியில 'கொலோனியா'. ரோமானியர்கள் காலத்துல அதுக்கு இருந்த அர்த்தங்கள்ல முக்கியமானது, படையில இருந்து ஓய்வு பெற்றவங்களுக்கு நிலம் கொடுத்து உட்கார வெச்ச ஊர். வெள்ளலூர்ல ரோமானியக் காசு கிடைச்ச கதை நமக்குத் தெரியும். அந்தக் காசை அடிச்ச அதே சாம்ராஜ்யம், கி.பி. 100 வாக்கில், டிராஜன் காலத்துல, இன்றைய அல்ஜீரியாவில் டிம்காட் என்ற ஊரை இப்படித்தான் உருவாக்கியது. சிப்பாய்க்கு நிலம், அரசுக்கு எல்லையில ஒரு காவல். ஒரே செலவுல ரெண்டு வேலை முடிஞ்சுது.

இதே யோசனை நமக்குப் பக்கத்துலயும் நடந்திருக்குது. கூடலூர் தாண்டி வயநாட்டுக்குள்ள போனா அம்பலவயல்னு ஒரு ஊர். எடக்கல் குகைக்குப் போனவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். வயநாடு அப்போ சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிஞ்சு வந்த சிப்பாய்களை அங்கே குடியேத்த அரசு ஒரு திட்டம் போட்டது. அந்த மண்ணுல என்ன வரும்னு சோதிச்சுப் பார்க்க 1946-ல் ஆரம்பிச்ச பண்ணைதான் இன்னைக்குக் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம். பூப்பொலி மலர்க் கண்காட்சி நடக்குமே, அதே இடம்தானுங்க.

ஆனா இன்னைக்கு நான் சொல்ல வந்தது அதைவிடத் தூரமான ஊர். கிரேட் நிக்கோபார் தீவில் இருக்கிற கேம்ப்பெல் பே.

எங்க இருக்குதுன்னு முதல்ல மனசுல வாங்கிக்கலாம். சென்னையில கப்பல் ஏறினா போர்ட் பிளேர் போக ஏறக்குறைய மூணு நாள். அங்கிருந்து இன்னொரு கப்பல்ல தெற்கே 500 கிலோமீட்டருக்கு மேல. அதுக்கப்புறம் இந்தியா கிடையாது. தீவோட தென்முனையில் இருந்து இந்தோனேசியா சுமார் 150 கிலோமீட்டர், அதாவது கோயமுத்தூர்ல இருந்து சேலம் போற தூரம். தீவின் பரப்பு 900 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. நம்ம மாநகராட்சியைப் போல மூணு மடங்குக்கும் அதிகம். அதுல பெரும்பகுதி மழைக்காடு.

1965-ல் பாகிஸ்தானோட போர் நடந்தபோது, சுகர்ணோவின் இந்தோனேசியா பாகிஸ்தான் பக்கம் சாய்ந்தது. அதுக்கு மூணு வருஷம் முந்திதான் சீனாவோட போர். கடைக்கோடியில இருக்கிற தீவுல 'நம்ம ஆளுங்க' இருக்கணும்ங்கிற எண்ணம் டெல்லியில வலுத்தது. 1969-ல் இருந்து 1980 வரைக்கும் படிப்படியா 330 முன்னாள் ராணுவக் குடும்பங்களைக் கொண்டுபோய் அங்கே குடியேத்தினாங்க. பஞ்சாபில் இருந்து வந்தவங்கதான் அதிகம். மகாராஷ்டிரம், கேரளம், ஆந்திரம், தமிழ்நாடு எனப் பல மாநிலத்துக்காரங்களும் உண்டு. ஒரு குடும்பத்துக்குச் சுமார் 11 ஏக்கர் கிடைச்சுது. கொஞ்சம் நெல்லுக்குத் தாழ்வான நிலம், கொஞ்சம் தோட்டத்துக்கு மேட்டு நிலம், வீடு கட்ட ஒரு துண்டு.

11 ஏக்கர்னதும் நம்ம ஆளுங்களுக்குக் கண்ணு விரியும். கிணறு, தொண்டுப்பட்டி, வேலின்னு மனசு உடனே கணக்குப் போட ஆரம்பிச்சுடும். ஆனா அவங்க கையில கிடைச்சது காடு. வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல மழை. கோயமுத்தூர்ல 700-ஐ எட்டினாலே நல்ல வருஷம். மலேரியா வேற. கலத்தியா ஆத்துல உப்புநீர் முதலை. கோதுமை விதைச்சுப் பழகினவர் அங்கே தென்னையும் பாக்கும் வெக்கக் கத்துக்கணும். தேங்காய் காய்ச்சாலும் சந்தைக்குக் கொண்டுபோகக் கப்பல் வரணும். கப்பல் என்னைக்கு வரும்னு கடலைக் கேக்கணும்.

கேம்ப்பெல் பே துறைமுகமும் கடைவீதியுமா ஆச்சு. அதுக்குத் தெற்கே கிழக்குக் கரையோரமா கோவிந்த் நகர், ஜோகிந்தர் நகர், விஜய் நகர், லட்சுமி நகர், காந்தி நகர், சாஸ்திரி நகர்னு வரிசையா குடியிருப்புகள். எல்லை ரோடு போடுற அமைப்புதான் அங்கேயும் ரோடு போட்டது. வடக்கு தெற்கு ரோடு தென்முனை வரைக்கும் 51 கிலோமீட்டர் போச்சு. முனையில 1972-ல் கலங்கரை விளக்கம் வந்தது. அந்த முனைக்குத்தான் பின்னாடி இந்திரா முனைன்னு பேர் வெச்சாங்க. ஊருக்குள்ள குருத்வாராவும் வந்துட்டுது. ரோடு வேலைக்கும் கட்டட வேலைக்கும்னு தமிழர்கள் தனியாப் போய்ச் சேர்ந்தது இன்னொரு கதை. (பக்கத்துல கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு இலங்கையில இருந்து திரும்பின தமிழ்க் குடும்பங்களைக் கொண்டுபோனது மூணாவது கதை. அதைத் தனி எபிசோடா பண்ணணும்.)

இங்கே ஒரு நிமிஷம் நிக்கணும். 'யாருமே இல்லாத தீவுல ஊர் உருவாக்கினாங்க'ன்னு எங்கேயாவது கேட்டிருப்பீங்க. அது தப்பு. தீவின் உள்காட்டில் ஷோம்பென் மக்கள் இருந்தாங்க, இன்னைக்கும் இருக்காங்க. 2011 கணக்கெடுப்பில் 229 பேர். கரையோரத்துல நிக்கோபாரிகள். பழங்குடிகளைப் பாதுகாக்கிற ஒழுங்குமுறை அந்தத் தீவுகளுக்கு 1956-லேயே வந்தாச்சு. அப்படியிருந்தும் வெட்டப்பட்டது, ரோடு ஓடினது எல்லாம் அவங்க வேட்டையாடி, கிழங்கும் தாழைப்பழமும் எடுத்துக்கிட்டிருந்த காடுதான். குடியேறின சிப்பாய் மேல இதுல குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. அவர் கையில ஒதுக்கீட்டு ஆணையைக் கொடுத்து அனுப்பினாங்க, அவர் போனார். ஆனா அந்த ஆணையை எழுதினவங்க காட்டுக்குள்ள இருக்கிறவங்களைக் கேட்டுட்டு எழுதல.

2004 டிசம்பர் 26. சுமத்ராவுக்குப் பக்கத்துல நிலநடுக்கம். கிரேட் நிக்கோபாருக்கு அது மிகக் கிட்ட. அலை வந்துட்டுப் போச்சுங்கிறது மட்டும் இல்லைங்க, நிலமே கீழ இறங்கிடுச்சு. இந்திரா முனையில ஏறக்குறைய 4.25 மீட்டர். கரையில நின்ன கலங்கரை விளக்கம் அதுக்கப்புறம் தண்ணிக்குள்ள நின்னுது. கலத்தியா பாலம் போச்சு, தெற்கு ரோடு அறுந்துபோச்சு. கிழக்குக் கரைக் குடியிருப்புகள் நாசமாச்சு. முப்பது முப்பத்தஞ்சு வருஷம் பாடுபட்டுக் கொண்டுவந்த தென்னந்தோப்புகள்ல ஒரு பகுதி கடலாவே ஆயிடுச்சு. மீந்த வயல்ல உப்பு. தப்பிச்சவங்க தகரக் கொட்டகையில வருஷக்கணக்கா இருந்தாங்க. அந்த வெயிலுக்கும் அந்த மழைக்கும் தகரம்! அப்புறம்தான் நிரந்தர வீடு வந்தது. நிக்கோபாரிகளையும் மேடான இடத்துக்கு மாத்தினாங்க. சொந்த ஊருக்குத் திரும்பணும்னு அவங்க இன்னைக்கும் கேட்டுக்கிட்டிருக்காங்க.

அந்தத் தீவுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஆனைகட்டியில சலீம் அலி பறவையியல் மையம் இருக்குதில்ல? அங்கே இருந்த ரவி சங்கரன் 1990-கள்ல நிக்கோபார் தீவுகளைச் சுத்தி மெகாபோட் பறவையை ஆய்வு செய்தார். அந்தப் பறவை அடைகாக்காது. மணலும் சருகும் குவிச்சு மேடு கட்டி முட்டையைப் புதைச்சுடும். மேட்டோட சூடே முட்டையைப் பொரிக்கும். மேடு கட்டுறதெல்லாம் பெரும்பாலும் கரையோரத்துல. அப்ப சுனாமி என்ன பண்ணியிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கலாம்.

இப்ப அதே கரையில 72,000 கோடி ரூபாய் திட்டம்னு அறிவிச்சாங்க. கலத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டகத் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், புது நகரம். 2022-ல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைச்சுது. காட்டுப் பரப்பு மட்டும் சுமார் 130 சதுர கிலோமீட்டர். 2011-ல் எட்டாயிரம் பேர் சொச்சம் இருந்த தீவுக்கு, 2050 வாக்கில் மூன்றரை லட்சம் பேர் வருவாங்கன்னு கணக்கு. பழங்குடி கவுன்சில் முதல்ல கொடுத்த சம்மதத்தை 2022 நவம்பரிலேயே திரும்பப் பெற்றது.

விமான நிலையத்துக்குத் திட்டமிட்ட பகுதி காந்தி நகர், சாஸ்திரி நகர் பக்கம். அந்தப் பேரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்குதா? ஆமாங்க, முன்னாள் ராணுவத்தினருக்குக் கொடுத்த அதே நிலங்கள்தான். அன்னைக்கு நாட்டுப் பாதுகாப்புக்காகன்னு சொல்லிக் கொடுத்தாங்க. இன்னைக்கு அதே பாதுகாப்பைச் சொல்லித்தான் திருப்பிக் கேக்கறாங்க. கடலுக்குள்ள போன ஏக்கருக்கு என்ன விலைங்கிறது இப்போ அவங்க பிள்ளைங்களோட கேள்வி.

உங்க குடும்பத்துல யாராவது அந்தக் கப்பல்ல ஏறியிருந்தா, ஒரு ஒதுக்கீட்டுச் சீட்டோ பழைய போட்டோவோ வீட்டுல இருந்தா, எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல கச்சால் தீவுக்குப் போகலாம். வர்றேனுங்க.