லைராவுக்கு எந்தப் பஞ்சாங்கம்?

ரொறன்ரோவிலிருந்து மருமகள் அழைத்தபோது கோப்பாயில் இரவு எட்டு மணி. குழந்தை பிறந்து ஒன்பது நாள். பெயர் முடிவாகிவிட்டது, அம்மம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம். போனை அம்மாவின் காதருகே பிடித்தேன்.

"லைரா எண்டு வைக்கப்போறம் அம்மம்மா."

"உது என்ன பேர், இலை கிலை எண்டு?"

அம்மாவைக் குறைசொல்ல முடியாது. லகரத்திலோ ரகரத்திலோ சொல் தொடங்குவதைத் தமிழ் இலக்கணம் ஒப்புக்கொள்வதில்லை. உரோகிணியும் இரேவதியும் முன்னால் ஓர் உயிரெழுத்தைப் போட்டுக்கொண்டுதான் தமிழுக்குள் நுழைந்தார்கள். அம்மாவின் நாக்கு அதே வேலையைத் தானாகவே செய்துவிட்டது.

மருமகள் விளக்கினாள். லைரா என்பது வானத்தில் உள்ள ஒரு விண்மீன் கூட்டம். கிரேக்கக் கதையில் வரும் ஓர்ஃபியுஸ் என்ற பாடகனின் யாழ் அது. அவன் வாசித்தால் மரமும் கல்லும் அசையுமாம்.

"யாழோ? அப்ப யாழினி எண்டு வையன்."

யாழினி ஏற்கெனவே சொந்தத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றாள் மருமகள். ஆனாலும் அம்மாவின் குரல் இளகிவிட்டது. கண்தெரியாத பாணன் ஒருவன் யாழ் வாசித்து அரசனிடம் மணல் நிலத்தைப் பரிசாகப் பெற்றான், அதுதான் யாழ்ப்பாணம் என்று 'யாழ்ப்பாண வைபவமாலை' சொல்லும் கதையைக் கேட்டு வளர்ந்தவர் அவர். அந்த ஊர்க்காரிக்கு யாழ் என்ற பெயரை எப்படி மறுக்க முடியும்? அடுத்த கேள்விக்குத் தாவினார். "பிள்ளையின்ர நட்சத்திரம் என்ன?"

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிக்கும்போது பெயர் வைக்க வேண்டும். அதற்கு நட்சத்திரம் வேண்டும், பாதம் வேண்டும், பாதத்துக்குரிய எழுத்து வேண்டும். இந்த எழுத்துக்கும் பிள்ளையின் வாழ்வுக்கும் தொடர்பு இருப்பதாக நான் நம்பவில்லை. ஆனால் அதற்காகப் போடும் கணக்கு அசல் வானியல். பிள்ளை பிறந்த கணத்தில் நிலா எந்த விண்மீன்களின் பக்கம் நின்றது என்பதுதான் கேள்வி. நிலா வானத்தைச் சுற்றிவர 27 நாளும் சில மணி நேரமும் ஆகும். ஆகவே பாதையை 27 ஆகப் பிரித்தார்கள். ஒரு பங்கு 13 பாகை 20 கலை. அதை நாலாக வெட்டினால் ஒரு பாதம், 3 பாகை 20 கலை.

அம்மா பஞ்சாங்கத்தை எடுத்து, மருமகள் சொன்ன தேதியைத் தேடத் தொடங்கினார். அங்கேதான் குறுக்கிட்டேன். பிள்ளை பிறந்தது ரொறன்ரோ நேரம் இரவு ஒன்பதுக்கு. அப்போது இங்கே மறுநாள் காலை ஆறரை. நிலா மணிக்கு ஏறக்குறைய அரைப் பாகை நகரும், அதாவது தன் முகத்தின் அகலம் அளவு. ஒன்பதரை மணி நேரத்தில் ஐந்து பாகை போய்விடும். அங்குள்ள மணியை இங்குள்ள பஞ்சாங்கத்தில் அப்படியே பார்த்தால் ஒரு பாதத்துக்கு மேல் பிழைக்கும். கனடாவிலும் இலண்டனிலும் எத்தனை பிள்ளைகள் இப்படிப் பக்கத்துப் பாதத்தின் எழுத்தோடு வளர்கிறார்களோ!

நேரத்தைத் திருத்திய பிறகு இன்னொரு சிக்கல். எங்கள் வீட்டில் இரண்டு பஞ்சாங்கம் உண்டு. அம்மாவின் வாக்கியப் பஞ்சாங்கம் கொக்குவிலில் இருந்து வருவது. நான் வாங்குவது மட்டுவில் திருக்கணிதம். அம்மாவின் புத்தகத்தில் பிள்ளை அச்சுவினி நாலாம் பாதம், என்னுடையதில் பரணி முதலாம் பாதம்.

நிலா ஒரே வேகத்தில் நடப்பதில்லை. பூமிக்கு அருகே வரும்போது ஒரு நாளில் 15 பாகை வரை ஓடும், விலகும்போது 12 பாகைகூடத் தேறாது. இந்த ஏற்ற இறக்கம் ஒன்பது முறை நடந்து முடிய ஏறக்குறையச் சரியாக 248 நாள் ஆகும். அதைக் கண்டுபிடித்த முன்னோர், நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்கள் இயற்றினார்கள். எழுத்தெல்லாம் எண். வாக்கியத்தை மனதில் சொன்னால் நிலா நிற்கும் இடம் வந்துவிடும். 1825-இல் புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சிப்பிகளை அடுக்கி, எழுதாமலே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்ததை ஜோன் வாரன் என்ற ஐரோப்பியர் பதிந்து வைத்திருக்கிறார். கிரகணத் தொடக்கம் நாலு நிமிடம்தான் பிசகியது. முடிவில் ஐம்பது நிமிடத்துக்கு மேல் பிசகியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிலாவைச் சூரியனும் இழுக்கிறது. அதனால் வரும் தள்ளாட்டம் வாக்கியங்களுக்குள் அடங்காது. திருக்கணிதம் அதையும் சேர்த்துக்கொள்கிறது. அதனால் இரண்டு புத்தகத்துக்கும் இடையே சில மணி நேரம் இடிக்கும்.

அச்சுவினி நாலாம் பாதத்துக்கு எழுத்து 'ல'. பரணி முதலாம் பாதத்துக்கு 'லி'. மருமகளுக்கு இது எதுவும் தெரியாது, ஆனால் 'லை' இரண்டு வீட்டுக்கும் பொதுவான வேலியில் போய் உட்கார்ந்துவிட்டது.

"சைவப் பேர் இல்லாட்டிலும் எழுத்து சரி," என்றார் அம்மா. "ஆனா கிரேக்கம் எங்களுக்கு என்னத்துக்கு?"

அம்மாவின் சாதகக் குறிப்பை அலுமாரியிலிருந்து எடுத்துக் காட்ட ஆசையாக இருந்தது. அதில் உள்ள ஓரை கிரேக்கத்தின் 'ஹோரா'. கேந்திரம் அவர்களின் 'கென்ட்ரோன்'. திரேக்காணம் 'டெகனோஸ்'. யவனர் கொண்டுவந்த சோதிடம் சமஸ்கிருதத்தில் 'யவனஜாதகம்' என்றே நூலாகியிருக்கிறது. அச்சுவினியின் விண்மீன்கள் நிற்கும் மேடராசியே கிரேக்கரின் பொன்மயிர் ஆடுதான். அம்மா பிறந்த கையோடு கிரேக்கத்தில் எழுதப்பட்டவர்.

காட்டவில்லை. வெளியே கூட்டிக்கொண்டு போனேன். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. அமாவாசை கழிந்த மறுநாள், இளம்பிறையும் இறங்கிவிட்டது. மணி ஒன்பது. கைதடிப் பக்கம் தரவைக் காற்று உப்பாக வீசியது. வடக்கே, பனை வட்டுகளுக்கு நன்றாக மேலே, நீலம் கலந்த வெள்ளையாக ஒன்று மின்னியது. வேகா, லைராவின் தலை விண்மீன். நம் பஞ்சாங்கத்தில் அதற்கும் பெயர் உண்டு: அபிசித்து. 27-க்குள் இடம் கிடைக்காத இருபத்தெட்டாவது நட்சத்திரம். அபிசித்து வானத்திலிருந்து நழுவிப்போனதாக மகாபாரதம் பேசுகிறது. வேகா என்ற சொல்லோ அரபியில் விழும் கழுகைக் குறித்த பெயரின் மிச்சம். இரண்டு ஊராருக்கும் அது விழுவதாகத் தோன்றியது தற்செயல்தானா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

அதன் வெளிச்சம் இங்கே வர 25 ஆண்டு பிடிக்கும். அது புறப்பட்டபோது மருமகள் வெள்ளைச் சீருடையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அதற்கு முந்திய பத்தாண்டில், போரால் மின்சாரம் இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் இருந்த இரவுகளில் வானம் இதைவிட நெருக்கமாக நிறைந்திருந்தது. அண்ணாந்து பார்த்தவர்கள் தேடியது விமானத்தை.

"அவையளுக்கும் இது தெரியுமோ?"

"இருட்டினாப் பிறகு தெரியும். அங்க தலைக்கு நேர் மேல."

ரொறன்ரோ வடக்கே 43 பாகை தாண்டி இருப்பதால் ஓகஸ்ட் இரவில் வேகா அங்கே கிட்டத்தட்ட உச்சியைத் தொடும். நமக்கு அது வடக்கே சாய்ந்துதான் தெரியும்.

அம்மா சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொருமுறை பார்த்தார். "அந்தப் பாடகன்ர கதை என்னெண்டு முடிஞ்சது?"

ஓர்ஃபியுஸ் செத்துப்போன மனைவியை மீட்கப் பாதாளத்துக்குப் போனான். அவன் யாழுக்கு உருகி அவளைத் திருப்பித் தந்தார்கள். மேலே ஏறும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது என்றார்கள். வாசலை அண்டியபோது பார்த்துவிட்டான்.

"யாழைக் கொண்டுபோய் வானத்தில வைச்சவையாம்," என்றேன்.

"மனிசி?"

"குளிருது, உள்ளுக்க வாங்கோ அம்மா."